பொலிஸ் சுட்டால் விசாரிப்பது யார்? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து எஸ்.ஐ.யூ. பற்றி

கேள்வி இதுதான்: "ஒன்ராறியோவில் பொலிஸ் யாரையாவது சுட்டால், அல்லது அடித்துக் காயப்படுத்தினால், 'எஸ்.ஐ.யூ. விசாரிக்கிறது' என்று செய்தியில் சொல்கிறார்கள். சில மாதம் போனபின் 'குற்றச்சாட்டு இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். அங்கே இருப்பதும் பழைய பொலிஸ்காரர்தானாம். அப்படியென்றால் பொலிஸைப் பொலிஸே விசாரிப்பதுதானே? எங்கள் வீட்டில் ஒருவருக்கு நடந்தால் என்ன செய்யலாம்?"

முதலில் சுருக்கமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஐ.யூ. என்கிற விசேட விசாரணைப் பிரிவு பொலிஸின் கிளை கிடையாது. மாகாணச் சட்டமா அதிபரின் அமைச்சோடு இணைந்த, எந்தப் பொலிஸ் தலைவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு குடிசார் அமைப்பு அது. பொலிஸில் இருப்பவரையோ முன்பு இருந்தவரையோ அதன் இயக்குநராக நியமிக்கச் சட்டம் இடம் தராது. விசாரணையாளர்களில் முன்னாள் பொலிஸார் பலர் இருப்பது உண்மை. ஆனால் தாங்கள் வேலை செய்த அதே பொலிஸ் படையின் சம்பவத்தை அவர்கள் விசாரிக்க முடியாது.

ஆகவே பெயரளவில் மட்டும் சுயாதீனம் என்று சொல்ல மாட்டேன். என் கவலை வேறு இடத்தில். சம்பவம் நடந்து முதல் சில மணி நேரத்தில் அந்த இடம் யார் கையில் இருக்கிறது, எஸ்.ஐ.யூ.வுக்கு எப்போது தகவல் போகிறது, அதிகாரிகள் தங்கள் குறிப்புகளை யாரோடு கதைத்துவிட்டு எழுதுகிறார்கள்: விசாரணையின் தலைவிதி பெரும்பாலும் இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. இன்றைக்கு இந்த விடயங்களில் இருக்கிற நல்ல விதிகளில் பலவற்றுக்குப் பின்னால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் இருக்கிறது.

எஸ்.ஐ.யூ.வே அப்படிப் பிறந்ததுதான். 1988 ஆகஸ்ட் மாதம் ரொறன்ரோவில் லெஸ்ரர் டொனால்ட்சன் என்ற யமேக்கா நாட்டவரை, அவர் தங்கியிருந்த அறையிலேயே பொலிஸ் சுட்டுக் கொன்றது. அவர் மனநோயோடு போராடிக்கொண்டிருந்தவர். நான்கு மாதம் கழித்து, டிசம்பரில், மிசிசாகாவில் வேட் லோசன் என்ற 17 வயதுப் பையன், திருடப்பட்டதாகச் சொல்லப்பட்ட காரை ஓட்டிப் போனபோது பீல் பொலிஸாரால் சுடப்பட்டு இறந்தான். குண்டு பட்டது தலையின் பின்பக்கத்தில். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கினார்கள். டட்லி லோஸ் போன்றவர்கள் அமைத்த கறுப்பினப் பாதுகாப்புச் செயற்குழு விடாமல் ஒன்றையே கேட்டது: பொலிஸ் செய்ததைப் பொலிஸ் விசாரிக்கக் கூடாது. அதுவரைக்கும் நடந்தது அதுதான். அதே படை விசாரிக்கும், அல்லது பக்கத்துப் படை வந்து விசாரிக்கும். கடைசியில் மாகாண அரசு கிளேர் லூயிஸ் தலைமையில் ஒரு பணிக்குழுவை நியமித்தது. 1989 ஏப்ரலில் அறிக்கை வந்தது. 1990இல் புதிய பொலிஸ் சேவைகள் சட்டத்தின் கீழ் எஸ்.ஐ.யூ. உருவானது. கனடாவில் இப்படியான முதல் அமைப்பு இதுதான். அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா, நோவா ஸ்கோஷியா, மனிற்றோபா, கியூபெக் எல்லாம் பின்னால் வந்தவை.

இந்த இரண்டு வழக்கிலும் பொலிஸ் அதிகாரிகள் மீது குற்றம் சாட்டப்பட்டது, இரண்டிலும் விடுதலையானார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.ஐ.யூ. வந்தபிறகும் நீதிமன்றத்தில் முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பொலிஸ் சம்பந்தப்பட்டு ஒருவர் இறந்தால், பாரதூரமாகக் காயப்பட்டால், ஓர் அதிகாரி மீது பாலியல் வன்முறைப் புகார் வந்தால், அல்லது அதிகாரி ஒருவர் ஆளைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டால் (குண்டு படாவிட்டாலும்), அந்தப் படை எஸ்.ஐ.யூ.வுக்கு உடனே அறிவிக்க வேண்டும். துப்பாக்கிச்சூட்டைத் தனியே சேர்த்தது 2019இல் நிறைவேறி 2020 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த விசேட விசாரணைப் பிரிவுச் சட்டம். பாரதூரமான காயம் எது என்பதையும் அந்தச் சட்டம் விளக்குகிறது: வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது, மண்டையோடு, கை கால், விலா, முதுகெலும்பு ஆகியவற்றில் முறிவு, பெரிய தீக்காயம், பார்வையோ கேட்கும் திறனோ போவது, இப்படி. கைவிலங்கு இறுகி மணிக்கட்டு சிவந்துபோனால் அது இதற்குள் வராது.

எஸ்.ஐ.யூ. வந்து சேரும்வரை அந்த இடத்தைக் குலையாமல் பாதுகாப்பது பொலிஸின் கடமை. சம்பந்தப்பட்ட அதிகாரிகளைத் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும். நடந்ததைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் கதைக்கக் கூடாது. பிறகு எஸ்.ஐ.யூ. அவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கும். சுட்டவர், அடித்தவர், அதாவது யாருடைய செயல் விசாரிக்கப்படுகிறதோ அவர் ஒரு வகை. பார்த்துக்கொண்டு நின்ற மற்ற அதிகாரிகள் சாட்சிகள். சாட்சி அதிகாரி பேட்டி கொடுத்தே ஆக வேண்டும், குறிப்புகளையும் ஒப்படைக்க வேண்டும். விசாரிக்கப்படும் அதிகாரியோ வாய் திறக்கத் தேவையில்லை. தன் குறிப்புகளையும் கொடுக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் கொதித்துப்போகிறார்கள். "சுட்டவனே கதைக்காவிட்டால் பிறகு என்ன விசாரணை?" எனக்கும் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் குற்றவியல் விசாரணையில் சந்தேகிக்கப்படும் எவருக்கும், எங்கள் பிள்ளைகளுக்கும்தான், மௌனமாக இருக்கும் உரிமையைக் கனடாவின் உரிமைகள் சாசனம் தருகிறது. சீருடை போட்டவரிடமிருந்து மட்டும் அதைப் பறித்தால் அந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே மௌனத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொள்ள முடியாதது, எல்லாரும் சேர்ந்து ஒரே கதையைத் தயாரிப்பது. அதைத் தடுக்க நடந்த ஒரு போராட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2009 ஜூன் மாதம், இரண்டு நாள் இடைவெளியில், ஒன்ராறியோ மாகாணப் பொலிஸார் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் எல்ம்வேல் என்ற சிற்றூரில் இருந்த டக்ளஸ் மின்ட்டி, 59 வயது, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர். மற்றவர் லீவை ஷேஃபர், 30 வயது, மனநோய் உள்ளவர், வடமேற்கே ஒரு தொலைதூர ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்தவர். ஷேஃபர் இறந்தபோது அங்கே இருந்தது இரண்டு பொலிஸார் மட்டுமே. வேறு சாட்சி கிடையாது. சட்டத்தரணியோடு கதைக்கும்வரை குறிப்பு எழுத வேண்டாம் என்று அவர்களுக்கு மேலதிகாரி சொன்னார். அவர்கள் முதலில் சட்டத்தரணிக்கு என்று இரகசியமாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதைப் பார்த்து ஆலோசனை சொன்னபிறகு, சம்பவம் நடந்து இரண்டு நாள் கழித்து, அதிகாரபூர்வமான குறிப்பை எழுதினார்கள். இருவருக்கும் ஒரே சட்டத்தரணி.

அப்போது எஸ்.ஐ.யூ. இயக்குநராக இருந்த இயன் ஸ்கொட் வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்தார். இப்படிச் சட்டத்தரணி பார்த்து ஆலோசனை சொன்னபின் எழுதிய குறிப்புகளை நம்பி, அங்கே என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது என்று வெளிப்படையாக அறிவித்தார். நடந்தது என்னவென்று தெரியாதபோது குற்றம் சாட்டவும் முடியாது. வழக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் இரண்டு குடும்பங்களும் விடவில்லை. கீழ் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள், அங்கே வென்றபின் விவகாரம் கனடாவின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2013 டிசம்பர் 19இல் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மைக்கேல் மோல்டேவர். குறிப்பு எழுதி முடிக்கும்வரை அதிகாரி சட்டத்தரணியோடு கலந்து பேச உரிமை இல்லை. எழுதி ஒப்படைத்தபின் தாராளமாகப் பேசலாம். பொலிஸ் அதிகாரியின் குறிப்பு என்பது அவர் கண்ணால் கண்டது, அவர் சொந்தச் சொல்லில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

தங்கள் பிள்ளைகளின் வழக்கில் அந்தக் குடும்பங்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. பிறகு வந்த ஒவ்வொரு விசாரணைக்கும் அது பயன்பட்டது.

தகவல் போகாமல் விடுவது இன்னொரு ஓட்டை. எஸ்.ஐ.யூ.வுக்கு ஞானக்கண் கிடையாது. பொலிஸ் சொன்னால்தான் பெரும்பாலும் அதற்குத் தெரியும். 2016 டிசம்பர் 28 அதிகாலை, விற்பி நகரத்தில் டஃபொன்டே மில்லர் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞனை, பணியில் இல்லாத ஒரு ரொறன்ரோ பொலிஸ் அதிகாரியும் அவரது தம்பியும் துரத்திப் பிடித்து அடித்தார்கள். மில்லரின் இடது கண் போய்விட்டது. டூரம் பொலிஸ் அந்த இடத்துக்கு வந்தது. வந்து குற்றம் சாட்டியது மில்லர் மீது. (அந்தக் குற்றச்சாட்டுகள் பிறகு கைவிடப்பட்டன.) ரொறன்ரோ பொலிஸுக்கும் விடயம் தெரியும். ஓர் ஆளின் கண் போயிருக்கிறது, சம்பந்தப்பட்டவர் பொலிஸ் அதிகாரி. இரண்டு படைகளில் ஒன்றுகூட எஸ்.ஐ.யூ.வுக்கு அறிவிக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, 2017 ஏப்ரலில், மில்லரின் சட்டத்தரணி அறிவித்த பிறகுதான் விசாரணை தொடங்கியது. ஜூலையில் குற்றச்சாட்டு பதிவானது. 2020 ஜூனில் அந்த அதிகாரி தாக்குதல் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்த்து, பிறகு 9 மாதச் சிறைத்தண்டனை விதித்தது; தம்பி விடுதலையானார்.

நான்கு மாதத்தில் ஒரு குற்ற இடத்தில் என்ன மிஞ்சும்? இரத்தம் கழுவிப் போயிருக்கும், பக்கத்து வீட்டுக் கமெராப் பதிவு அழிந்திருக்கும், சாட்சிகளின் ஞாபகம் மங்கியிருக்கும். ஒரு சட்டத்தரணி தொலைபேசியை எடுத்திருக்காவிட்டால் அந்த வழக்கே இல்லை. இதிலிருந்து எங்களுக்கு ஒரு பாடம் உண்டு, அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

இடத்தைப் பாதுகாப்பதிலும் இப்படியே. 2014இல் பிரம்டனில் ஜெர்மேன் கார்பி என்பவர் சுடப்பட்டபோது, அவர் கையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கத்தியை ஓர் அதிகாரி அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய், பல மணி நேரம் கழித்துத்தான் ஒப்படைத்தார். 2015 ஜூலையில் ரொறன்ரோவில் அன்ட்ரூ லோக்கு சுடப்பட்டபோது, கட்டிடத்தின் நடைபாதைக் கமெராப் பதிவை எஸ்.ஐ.யூ. எடுக்கும் முன்பே ஒரு பொலிஸ் அதிகாரி பார்த்துத் தரவிறக்கம் செய்ய முயன்றார். இரண்டையும் அப்போதைய இயக்குநர் ரோனி லொபார்கோ கண்டித்தார். கண்டித்தார், அவ்வளவுதான். கார்பியின் கத்தியைச் சுற்றி எழுந்த சந்தேகம் அவருடைய குடும்பத்தை விட்டு இன்றும் போகவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது?

லோக்குவின் மரணம் வேறொரு கதவையும் திறந்தது. தென் சூடானிலிருந்து வந்த அகதி அவர், 45 வயது. மனநலச் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த வீடுகள் இருந்த கட்டிடத்தில் வசித்தார். கையில் சுத்தியலோடு நின்றவரை, பொலிஸ் வந்து ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் சுட்டார்கள். 2016 மார்ச்சில் குற்றச்சாட்டு இல்லை என்று எஸ்.ஐ.யூ. அறிவித்தது. அந்தக் காலத்தில் இயக்குநரின் முழு அறிக்கை சட்டமா அதிபருக்கு மட்டும்தான் போகும். பொதுமக்களுக்குக் கிடைப்பது ஒரு செய்திக்குறிப்பு. கறுப்பின இளைஞர்கள் கொலிஜ் வீதியில் பொலிஸ் தலைமையகத்துக்கு முன்னால் குளிரில் இரண்டு வாரம் அளவில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அரசு இறங்கி வந்தது. முதலில் லோக்கு அறிக்கையின் சில பக்கங்கள், பல வரிகள் மறைக்கப்பட்டு, வெளியாகின. அப்புறம் நீதிபதி மைக்கேல் டுல்லோக் தலைமையில் ஒரு முழு மீளாய்வு. 2017 ஏப்ரலில் அவர் 129 பரிந்துரைகள் கொடுத்தார். இப்போது அவர் ஒன்ராறியோவின் தலைமை நீதிபதி.

அதன் பலனாக இன்று குற்றச்சாட்டு இல்லாமல் முடிகிற வழக்குகளின் இயக்குநர் அறிக்கைகள் இணையத்தில் வெளியாகின்றன. விசாரணையை 120 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் நிலைமையைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்றும் சட்டத்தில் வந்திருக்கிறது. செய்தித் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஆத்திரப்படுபவர்களை நான் கேட்டுக்கொள்வது, ஓர் அறிக்கையையாவது எடுத்து வாசியுங்கள். பெயர்கள் இருக்காது. அதிகாரியின் பெயர் குற்றம் சாட்டப்பட்டால்தான் வெளிவரும். பாதிக்கப்பட்டவரின் பெயரையும் போட மாட்டார்கள். நேரங்கள் இருக்கும். பொலிஸ் எத்தனை மணிக்கு அறிவித்தது, எஸ்.ஐ.யூ. குழு எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு இடத்துக்கு வந்தது, எத்தனை விசாரணையாளர், எத்தனை தடயவியல் ஆட்கள். நான் ஓர் அறிக்கையைத் திறந்தால் முதலில் பார்ப்பது இந்த நேரங்களைத்தான். சம்பவத்துக்கும் அறிவிப்புக்கும் நடுவில் ஐந்தாறு மணி நேரம் இருந்தால், ஏன் என்று அறிக்கைக்குள் தேடுவேன். அதற்குக் கீழே, விசாரிக்கப்படும் அதிகாரி பற்றிய வரியில், பேட்டி தர மறுத்தார், அது அவருடைய சட்டரீதியான உரிமை என்று அடிக்கடி இருக்கும். பிறகு கமெராப் பதிவு, ரேடியோ உரையாடல், பிரேத பரிசோதனை, கடைசியில் இயக்குநர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்ற விளக்கம்.

அந்த விளக்கத்தில் இயக்குநர் பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: குற்றவியல் சட்டப்படி ஒரு குற்றம் நடந்தது என்று நம்ப நியாயமான ஆதாரம் இருக்கிறதா? அதிகாரி சரியாக நடந்தாரா, பொறுமையாக இருந்திருக்கலாமா, பயிற்சியில் பிழையா, இந்த உயிரைக் காப்பாற்றியிருக்க முடியாதா என்ற கேள்விகள் அவருடைய வேலைக்குள் வராது. கனடாவின் குற்றவியல் சட்டம் பொலிஸுக்குத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. தன் உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பினால் சுடவும் இடம் கொடுக்கிறது. பின்னால் பார்க்கும்போது அந்த நம்பிக்கை பிழையாக இருந்தாலும், அந்த நொடியில் அது நியாயமாக இருந்தால் போதும். வேலி இவ்வளவு உயரம். எஸ்.ஐ.யூ. எடுக்கும் வழக்குகளில் மிகச் சிறிய பங்குதான் குற்றச்சாட்டில் முடிவதற்கு இதுவே முக்கிய காரணம்.

இந்த வேலி எங்கே தாண்டப்படும் என்பதற்கு சாமி யாட்டிம் வழக்கைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2013 ஜூலை 27, நள்ளிரவு கடந்த நேரம், ரொறன்ரோவின் டன்டாஸ் வழித்தட ஸ்ட்ரீட்கார் (டிராம் வண்டி) ஒன்றில் 18 வயதுப் பையன் சிறிய கத்தியோடு நிற்கிறான். பயணிகள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். உள்ளே அவன் தனியே. வெளியே நின்ற கொன்ஸ்டபிள் ஜேம்ஸ் ஃபோர்சில்லோ மூன்று முறை சுட்டார். பையன் விழுந்தான். ஐந்து நொடிக்குக் கொஞ்சம் கூடிய இடைவெளி. பிறகு இன்னும் ஆறு முறை. இதெல்லாம் கமெராக்களில் பதிவானது. மூன்று வாரத்தில் எஸ்.ஐ.யூ. இரண்டாம் தரக் கொலைக் குற்றம் சாட்டியது. 2016 ஜனவரியில் ஜூரிகள் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, கொலை முயற்சியில் குற்றவாளி என்றார்கள். கேட்டவர்கள் பலருக்குக் குழப்பம்: ஆள் இறந்துவிட்டானே, அது எப்படி முயற்சி? உயிரைப் பறித்தது முதல் மூன்று குண்டுகள். அவை தற்காப்பு என்று ஏற்றுக்கொள்ளப்பட்டன. விழுந்து கிடந்தவன் மீது சுட்ட ஆறும் தான் குற்றம். ஆறு வருடத் தண்டனை. அந்த ஐந்து நொடி வீடியோவில் இல்லாமல் போயிருந்தால், சுட்டவரின் சொல்லுக்கு எதிராக எதை வைத்திருப்பார்கள்?

இப்போது முன்னாள் பொலிஸார் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அது வெறும் வதந்தி கிடையாது. 1990களில் எஸ்.ஐ.யூ. இயக்குநராக இருந்தவரும் பிறகு ஒன்ராறியோவின் ஒம்புட்ஸ்மனாக (அரசு அமைப்புகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரி) வந்தவருமான அன்ட்ரே மரின், 2008இல் வெளியிட்ட அறிக்கையில் இதே அமைப்பைக் கடுமையாகச் சாடினார்: பொலிஸ் கலாசாரம் ஊறிப்போயிருக்கிறது, பொலிஸ் தாமதமாக அறிவித்தாலும் தட்டிக் கேட்பதில்லை, பேட்டிகளை ஆறப்போடுகிறார்கள் என்று. டுல்லோக்கும் விசாரணைக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் பொலிஸ் பின்னணி இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்றார். என் கருத்தைக் கேட்டால், இரத்தச் சிதறலையும் துப்பாக்கிக் குண்டின் பாதையையும் வாசிக்கத் தெரிந்த ஆட்கள் தேவை, அந்த அனுபவம் பெரும்பாலும் பொலிஸில்தான் கிடைக்கிறது. அவர்கள் தடயத்தைச் சேகரிக்கட்டும். எந்தக் கேள்வியைக் கேட்பது, யாரை நம்புவது என்ற தீர்மானங்களில் அவர்கள் மட்டுமே இருக்கக் கூடாது. இதைவிட என்னை உறுத்துவது ஒத்துழைக்காத அதிகாரிக்கான தண்டனை. 2018இல் நிறைவேறிய சட்டம் 50,000 டொலர்வரை அபராதம் என்றது. அடுத்து வந்த அரசு 2019 சட்டத்தில் முதல் தடவைக்கு அதை 5,000 ஆகக் குறைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டொனால்ட்சன், மின்ட்டி, ஷேஃபர், லோக்கு: எல்லாரும் மனநோயோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உள்ளவர்கள். 2020 ஜூனில் மிசிசாகாவில் ஏஜாஸ் சௌத்ரி என்ற 62 வயதுத் தகப்பன், மனச்சிதைவு நோயாளி, மருந்து எடுக்கவில்லை என்று குடும்பம் மருத்துவ உதவிக்குத்தான் அழைத்தது. பொலிஸ் வந்தது, பல்கனி வழியாக உள்ளே போனது, கத்தி வைத்திருந்தார் என்று சுட்டது. அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. 2021 ஏப்ரலில் குற்றச்சாட்டு இல்லை என்று முடிவு வந்தது. எங்கள் வீடுகளிலும் இப்படித் தகப்பன்மார் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் வெட்கம் என்று மூடி வைத்துவிட்டு, கட்டுமீறிப் போனபிறகு 911ஐ அழைக்கிறோம். உடனடி உயிராபத்து இல்லாவிட்டால் ரொறன்ரோவில் 211ஐ அழையுங்கள். பொலிஸ் இல்லாத நெருக்கடிக் குழு வரும், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. தற்கொலை எண்ணம் என்றால் நாடு முழுவதற்கும் 988 இருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு நடந்துவிட்டால் என்ன செய்வது? முதல் வேலை, பொலிஸ் அறிவித்திருக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். எஸ்.ஐ.யூ.வை யாரும் நேரடியாக அழைக்கலாம்: குடும்பம், நண்பர், சட்டத்தரணி, வைத்தியசாலை ஊழியர். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மில்லரின் வழக்கு இதைத்தான் சொல்கிறது. ஆனால் சம்பந்தப்பட்டது ஆர்.சி.எம்.பி. என்கிற மத்திய அரசின் பொலிஸ், விமான நிலையத்து எல்லைச் சேவை அதிகாரி, சிறைக் காவலர் என்றால் எஸ்.ஐ.யூ.வுக்கு அதிகாரம் கிடையாது. பெரும்பாலும் நகர, பிராந்தியப் பொலிஸும் மாகாணப் பொலிஸும்தான் அதன் வட்டம்.

வீடியோ எடுத்திருந்தால் மூலப் பதிவை அப்படியே வைத்திருங்கள். வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, வாட்ஸப்பில் சுற்ற விடாதீர்கள், எஸ்.ஐ.யூ.வுக்குக் கொடுத்தபிறகு மற்றதை யோசிக்கலாம். உடுப்பைக் கழுவாதீர்கள். காயத்தை நாளுக்கு நாள் படம் எடுங்கள். மருத்துவப் பதிவுகளைப் பெற எஸ்.ஐ.யூ. உங்கள் கையொப்பம் கேட்கும், அதைத் தாமதிக்க வேண்டாம். பேட்டிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். மச்சானையோ படித்த பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மா சொன்னதில் பாதியைப் பிள்ளை தன் விளக்கத்தோடு சொல்லும், பிறகு அது முரண்பாடு என்று எழுதப்படும். பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவிப் பிரிவு ஒன்று எஸ்.ஐ.யூ.வுக்குள்ளேயே இருக்கிறது; வழக்கு எங்கே நிற்கிறது என்று அவர்களிடம் கேட்கலாம்.

காயப்பட்டவர் மீதே பொலிஸ் குற்றம் சாட்டியிருந்தால், இது அடிக்கடி நடக்கிறது, எஸ்.ஐ.யூ.வுக்கு வாக்குமூலம் கொடுக்கும் முன் குற்றவியல் சட்டத்தரணி ஒருவரோடு கட்டாயம் கதையுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஒன்ராறியோவை அணுகலாம்.

சாட்சியாகக் கண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் பொலிஸுக்கும் இராணுவத்துக்கும் முன்னால் வாய் திறந்து பட்டவர்கள் நாங்கள். "எனக்கேன் வம்பு" என்று ஜன்னலை மூடுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஷேஃபரின் ஏரிக்கரையில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் அந்த வழக்கு வேறு மாதிரிப் போயிருக்கலாம். எஸ்.ஐ.யூ. ஆட்கள் கதவைத் தட்டினால் கண்டதைச் சொல்லுங்கள்.

எஸ்.ஐ.யூ. குற்றச்சாட்டு இல்லை என்றுவிட்டால் மற்றக் கதவுகள் மூடுவதில்லை. பொலிஸ் காவலில் நேர்ந்த மரணமென்றால் பெரும்பாலும் மரண விசாரணை கட்டாயம். ஐந்து பேர் கொண்ட ஜூரி அமர்ந்து, எப்படி நடந்தது, இனி எப்படித் தடுக்கலாம் என்று பரிந்துரைக்கும். யாரையும் குற்றவாளி என்று சொல்லாது, ஆனால் எஸ்.ஐ.யூ. கேட்காத கேள்விகளை அங்கே குடும்பத்தின் சட்டத்தரணி கேட்கலாம். லோக்குவின் மரணத்தை 2017இல் ஜூரி கொலை என்று வகைப்படுத்தியது. மற்றவர் ஒருவரின் செயலால் வந்த மரணம் என்ற அளவில் மட்டும் அதற்குப் பொருள், குற்றத் தீர்ப்பு அல்ல. அதிகாரியின் நடத்தை பற்றிய முறைப்பாடு என்றால், 2024 ஏப்ரலிலிருந்து சட்ட அமலாக்க முறைப்பாட்டு முகவரகம் என்ற தனி அமைப்பு இருக்கிறது. அது வேலைக்கட்டுப்பாட்டு நடவடிக்கைக்கு வழி.

கடைசியாக நட்டஈட்டு வழக்கு. குடிசார் நீதிமன்றத்தில் "சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட" நிரூபணம் தேவையில்லை, நடந்திருக்கக்கூடிய சாத்தியம் எந்தப் பக்கம் கூட என்று பார்ப்பார்கள். எஸ்.ஐ.யூ.வின் முடிவு அதைத் தடுக்காது. ஒன்ராறியோவில் பொதுவாக இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். விசாரணை முடியட்டும் என்று இருந்துவிட்டு அந்தத் தவணையைத் தவறவிடாதீர்கள்; அறிக்கை வரும் முன்பே, முதல் மாதத்திலேயே, ஒரு சட்டத்தரணியிடம் திகதியைக் கேட்டுக் குறித்து வையுங்கள்.